தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்திலேயே சொல்

அந்த பெஞ்சின் நான்கு கால்களில் ஒன்று குட்டை. உட்கார்ந்திருக்கும் இருவரும் அசையாமல் இருந்தால்தான் அது ஆடாமல் நிற்கும். பேச்சியம்மாள் அசையவில்லை. ஆட்டிக்கொண்டிருந்தது நான்தான்.

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் சாலையில் இருந்த ஒரு மோட்டார் கம்பெனியின் வராந்தா அது. உள்ளே நேர்முகத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. பம்புசெட் மோட்டார்களைச் சோதித்து அனுப்பும் பிரிவுக்கு, பாலிடெக்னிக் படித்த பெண்கள் இரண்டு பேர் வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். நாங்கள் ஏழு பேர் வந்திருந்தோம்.

பேச்சி விடுதித் தோழி ஒருத்தியிடம் இரவல் வாங்கிய மஞ்சள் சேலையில் இருந்தாள். பக்கத்துக் கூடத்திலிருந்து வார்னிஷ் வாடை வந்துகொண்டிருந்தது. அவள் உதடுகள் மட்டும் அசைந்தன.

"ஏ புள்ள கிரேசு, கடைசியா ஒரு தரம் கேளு" என்றாள்.

"சீ, லுக், வாட்ச். மூணுக்கும் என்ன வித்தியாசம்?"

"தானாக் கண்ணுல படுறது சீ. நாமளாப் பாக்குறது லுக்கு. பாத்துக்கிட்டே கெடக்கறது வாட்ச்சு."

"சர்ச், ஃபைண்ட்?"

"தேடுறது சர்ச்சு. கெடச்சிட்டா ஃபைண்டு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இம்புட்டையுமா கேப்பாக?" என்றாள்.

"கேக்க மாட்டாங்க. ஆனா பேசுறப்ப சரியான வார்த்தை வரணும்ல?"

அவள் தலையாட்டினாள். கதவு திறந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மூன்றாவதாக இருந்தது

சென்ற வாரம் பட்டறை நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அந்தப் பேச்சி இப்போது எங்கே இருக்கிறார்?" என்று சில வாசகிகள் கேட்டிருக்கிறார்கள்.

இந்தத் தொடரைத் தொடங்கும் முன் பத்திரிகை ஆசிரியர் என்னிடம் தலைப்புகள் கேட்டார். பதினாறு எழுதிக் கொடுத்தேன். பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் ஓடாது. சந்தைக்குப் போனாலும் பட்டியல், ஜெபத்திலும் பட்டியல் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்தப் பதினாறில் பேச்சி மூன்றாவது. இரண்டாவதை எழுதி முடித்ததும் நான்காவதுக்குத் தாவினேன். பிறகு ஐந்து, ஆறு, ஏழு. இனித் தாவ முடியாது.

ஜோடி ஜோடியாக

எங்கள் வீடு வில்லாபுரத்தில் இருந்தது. அப்பா ஒரு மிஷன் பள்ளியில் எழுத்தர். ஆங்கிலத்தை அவர் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, தலைமையாசிரியர்களின் கடிதங்களைத் தட்டச்சு செய்து தெரிந்துகொண்டது அதிகம். அதனால் அவருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. எந்த ஆங்கிலச் சொல்லையும் தனியாகச் சொல்லித் தரமாட்டார். ஜோடியாகத்தான் தருவார்.

"சே, டெல். ரெண்டும் சொல்றதுதான். ஆனா டெல்லுக்குப் பக்கத்துல கேக்கறதுக்கு ஒரு ஆள் நிக்கணும்" என்பார் சாப்பிட்டுக்கொண்டே.

"ஹியர்னா காதுல விழறது. லிசன்னா காதக் குடுக்கறது. நீ பிரசங்கத்துல செய்யறது ஹியர்."

நான் அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். இடப்பக்கம் சொற்கள், வலப்பக்கம் வித்தியாசம், கடைசிப் பத்தியில் ஓர் உதாரணம். பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது நோட்டில் இருநூறு ஜோடிகளுக்கு மேல் இருந்தன. அவற்றில் எத்தனை சரி என்று இன்று என்னால் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிற ஒருவரோடு நான் அதுவரை பத்து நிமிடம் பேசியதில்லை.

ஆனால் நோட்டு இருந்தது. நோட்டு இருப்பவள் தெரிந்தவள் என்று வகுப்பு முழுவதும் நம்பியது. நானும் நம்பினேன்.

கரண்ட் என்றால்

பேச்சி எழுமலைப் பக்கத்துப் பெண். விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழில். எலக்ட்ரிகல் பிரிவில் எங்களோடு சேர்ந்தாள். முதல் மாதத்தில் ஆசிரியர் வோல்டேஜ், கரண்ட், பவர் மூன்றையும் பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தபோது, என் காதருகே வந்து சொன்னாள்:

"எங்கப்பாவுக்கு மூணும் ஒண்ணுதான். தண்ணி வந்தா கரண்டு இருக்கு. வரலைன்னா கரண்டு இல்ல."

நான் சிரித்துவிட்டேன். இருவரையும் எழுப்பி நிறுத்தினார்கள். அன்றிலிருந்து சிநேகம்.

பட்டறையில் அவளுக்கு இணை கிடையாது. பழுதான மோட்டார் ஒன்றை மேசையில் வைத்தால் நாங்கள் மீட்டரைத் தேடுவோம். அவள் மூடியைக் கழற்றி, குனிந்து, மூக்கை உள்ளே வைப்பாள்.

"இது இன்னைக்கு எரிஞ்சதில்ல. நாலஞ்சு நாளாவே கருகிருக்கு. வோல்டேஜ் கொறச்சலா வந்து, விடாம ஓட்டிருக்காங்க."

மீட்டர் வைத்துப் பார்த்தால் சுருள் எரிந்திருக்கும். மோட்டாரைக் கொண்டுவந்த ஆளை விசாரித்தால் மற்றதும் சரியாக இருக்கும். எழுமலையில் அவர்கள் கிணற்று மோட்டார் கோடைக்குக் கோடை எரியும். அதை உசிலம்பட்டிக்குத் தூக்கிப்போய்ச் சுருள் கட்டிக்கொண்டு வருவது அவள் அண்ணன். கூடவே போய்ப் பட்டறைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவள். அவர் மோந்து பார்த்ததைப் பார்த்து இவளும் மோந்து பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் கழுத்து வியர்க்கும்.

அவளை மூன்று வருடம் படிக்க அனுப்பியது பெரிய சண்டைக்குப் பிறகுதான். கடைசித் தேர்வு நெருங்கும்போது அவள் அப்பா விடுதிக்கு வந்து, வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"ஒரு எடத்துக்குப் போயிப் பாரு தாயி. கெடச்சா இருந்துக்க. கெடைக்கலையா, ஊருக்கு வந்துரு. எடம் எடமா உன்னைய அனுப்பிக்கிட்டு இருக்க முடியாது."

அந்த ஒரு இடம்தான் இந்த மோட்டார் கம்பெனி.

ஏழு விதிகள்

நேர்முகத் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. பேச்சியை நான் தயார் செய்கிறேன் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் உட்காருவோம். ஒரு நாளைக்கு ஐந்து ஜோடிகள். அவளுக்கு நல்ல ஞாபகசக்தி. அதைவிட, கேள்வி கேட்கிற புத்தி.

"ரிப்பேர்னா கெட்டுப்போறதுதான?"

"இல்ல பேச்சி. ரிப்பேர்னா சரி பண்றது."

"அப்ப நம்ம ஊர்ல ரேடியோ ரிப்பேராயிருச்சுங்கறாக?"

"அது தப்பு."

"ஊரே தப்பாவா பேசுது?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, அடுத்த நாள் பேசும்போது அந்தச் சொல் வரும் இடத்தில் நின்றுவிட்டாள். யோசித்துச் சரியாகச் சொன்னாள். நான் அதை முன்னேற்றம் என்று நினைத்தேன்.

இன்னொரு நாள் வாசனை. ஆங்கிலத்தில் அதற்கு ஐந்து சொற்கள் எழுதி வைத்திருந்தேன். பொதுவாகச் சொல்ல ஒன்று, பூவுக்கு ஒன்று, கெட்டுப்போனதற்கு ஒன்று, விஞ்ஞானப் புத்தகத்தில் வருவது ஒன்று, புகையில் வருவது ஒன்று. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள்.

"எரிஞ்ச மோட்டாருக்கு இதுல எது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "எடத்தப் பொறுத்து மாறும்" என்றேன்.

முதல் வாரத்தில் அவள் தப்பும் தவறுமாகவாவது நான்கு வாக்கியங்கள் பேசினாள். மூன்றாவது வாரத்தில் இரண்டு பேசினாள், சரியாக. நான்காவது வாரத்தில் வாயைத் திறக்கும் முன் கண்ணை மேலே உருட்டித் தேடிக்கொண்டிருந்தாள். நான் பொறுமையாகக் காத்திருந்தேன். கடிகாரம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும்.

கடைசி நாள் ஒரு தாளில் நேர்முகத் தேர்வுக்கான ஏழு விதிகளை எழுதிக் கொடுத்தேன். உட்காரச் சொன்ன பிறகே உட்கார வேண்டும். கையை மேசைமேல் வைக்கக் கூடாது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். இப்படிப் போகும். நான்காவதை மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தேன்.

'அவர்கள் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்திலேயே சொல். தமிழில் கேட்பது சோதிப்பதற்காக இருக்கலாம்.'

இதை எனக்குச் சொன்னது இரண்டு வருடம் முன்னால் படித்து முடித்த ஓர் அக்கா. அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஐந்து நிமிடம்

என்னிடம் உள்ளே மோட்டாரைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. நான் நன்றாகப் பேசினேன். எதிரே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் ராஜமாணிக்கம் சார், சோதனைப் பிரிவின் தலைமைப் பொறியாளர். நான் எழுந்தபோது அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையசைத்தார். வேலை கிடைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

எனக்குப் பின் இன்னொரு பெண் போனாள். அதற்குப் பின் பேச்சி.

ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தாள். கையில் இருந்த கோப்பு நனைந்து விரல் அடையாளம் விழுந்திருந்தது.

"என்ன கேட்டாங்க?"

"மோட்டாருதேன். சுருள் எரிஞ்சிருச்சுன்னு எப்பிடிக் கண்டுபிடிப்பன்னு."

"அது உனக்குத் தண்ணி பட்ட பாடாச்சே! சொன்னியா?"

"வரல" என்றாள்.

அவ்வளவுதான். நான் மேலும் கேட்டேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தாள். பஸ்ஸில் ஒரு கொய்யாப்பழத்தை இரண்டாகப் பிட்டுப் பெரிய பாதியை எனக்குக் கொடுத்தாள். "உனக்குக் கெடச்சிரும்" என்றாள். அதில் பொறாமை தேடினேன். இல்லை.

அடுத்த வாரம் அவள் எழுமலைக்குப் போய்விட்டாள். "வாரேன் கிரேசு" என்று சொல்லித்தான் போனாள். எனக்கு வேலை உத்தரவு வந்தது. இரண்டாவது இடம் இன்னொரு பெண்ணுக்குப் போனது.

பயத்தில் பேச்சிக்கு வாய் அடைத்துவிட்டது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். யாருக்கும் நடப்பதுதானே.

நானும் சிரித்தேன்

வேலையில் சேர்ந்து மூன்று, நான்கு மாதம் ஆகியிருக்கும். மாலை டீ நேரம். சோதனை மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றிருந்தோம். இரண்டாவதாகத் தேர்வான பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டிருந்தாள்.

ராஜமாணிக்கம் சார் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பழைய லிஸ்டுல இருந்தே யாரையாவது எடுத்துரலாம்னு பாக்குறேன். கிரேஸ், உங்க செட்டுல மஞ்சச் சேலை கட்டிக்கிட்டு ஒரு பொண்ணு வந்துச்சே?"

"பேச்சியம்மாள் சார்."

"பிராக்டிகல்ல அம்புட்டு மார்க்கு. சரி, வெளுத்து வாங்கப்போகுதுன்னு பாத்தா வாயே தெறக்கல. பாவம், பயப்படுதுன்னு நானே சொன்னேன். 'தமிழ்லயே சொல்லும்மா, ஒண்ணும் இல்ல'ன்னு. அதுக்கும் தலைய ஆட்டுது. 'நோ சார், நோ சார்'ங்குது. தமிழ்லயும் தெரியலைன்னா நாம என்ன பண்றது? மோட்டாரு எந்தப் பாஷையில எரியுதோ அதக் கத்துக்கிட்டு வரட்டும்னு விட்டுட்டோம்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அந்தச் சிவப்பு அடிக்கோடு கண்முன் வந்து நின்றது.

அவர் டம்ளரை வைத்துவிட்டுப் போனார். நான் அவர் பின்னால் பத்து அடி நடந்திருந்தால் போதும். 'சார், அவளுக்கு நல்லாத் தெரியும். தமிழ்ல பேசக்கூடாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன்.' இரண்டு வாக்கியம்.

நான் போகவில்லை. எழுதிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

பொருத்தமான சொல்

அந்தக் கம்பெனியில் எதையும் எழுத்தில், ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். கழிப்பறைக் குழாய் ஒழுகினால்கூட ஒரு கடிதம். என்னுடைய கடிதமும் அப்படித்தான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

முதல் நாள், முதல் வாக்கியம். 'ரெகமண்ட்' என்று எழுதினேன். அடித்தேன். பயிற்சியில் இருக்கும் பெண் யாரைப் பரிந்துரைப்பது? 'ரிக்வெஸ்ட்' என்று மாற்றினேன். யாசகம் கேட்பதுபோல் இருந்தது. 'சஜெஸ்ட்' என்றால் அவருக்கு யோசனை சொல்கிற மாதிரி. 'இன்ஃபார்ம்' என்றால் புகார் மாதிரி. நோட்டில் நான்கும் அடுத்தடுத்து இருந்தன, நேர்த்தியாக.

மூன்றாம் நாள் அப்பாவிடம், யாருக்கு என்று சொல்லாமல் கேட்டேன். "ரெகமண்ட் பண்ண ஒரு அந்தஸ்து வேணும்மா. பாத்துப் போடு" என்றார். அதோடு இரண்டு நாள் போனது.

அடுத்து அவள் ஏன் பேசவில்லை என்ற வாக்கியம். 'நெர்வஸ்' என்று எழுதினால் வேலைக்கு ஆகாதவள் என்று ஆகிவிடும். 'ஷை' என்றால் சிறுபிள்ளை.

கடைசியாக என் பங்கு. இங்கேதான் அதிக நாள் ஆனது. 'அட்வைஸ்' என்று போட்டால், அவள் கேட்டாள், நான் சொன்னேன், ஏற்றுக்கொண்டது அவள் விருப்பம். 'இன்ஸ்ட்ரக்ஷன்' என்று போட்டால் பொறுப்பு என்னுடையது. எது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். 'ஹின்ட்' என்றுகூட ஒரு பிரதி எழுதினேன்.

நான் தேடியது பொருத்தமான சொல்லை அல்ல. என்னைச் சின்னதாகக் காட்டும் சொல்லை. அப்போது அது எனக்குப் புரியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. கொஞ்சம் புரிந்துதான் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை, தட்டச்சு செய்த கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராஜமாணிக்கம் சார் நின்றுகொண்டே படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அடடா. நேத்துச் சாயங்காலந்தானேம்மா வேற பொண்ணுக்கு ஆர்டர் போச்சு."

அவர் தாளை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார்.

"இங்கிலீஷ் நல்லா எழுதியிருக்கே" என்றார்.

எழுமலை

அதன் பிறகு பத்து வருடம். பேச்சிக்குக் கல்யாணமான செய்தி தெரியும். பத்திரிகை வந்தது; மாப்பிள்ளையும் எழுமலைதான். வைகாசி வெயிலைக் காரணம் காட்டிப் போகாமல் இருந்துவிட்டேன்.

பிறகு ஒருமுறை, எங்கள் மோட்டார்கள் தோட்டங்களில் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க என்னை உசிலம்பட்டிப் பக்கம் அனுப்பினார்கள். வேலை மதியத்தோடு முடிந்தது. மதுரைக்குத் திரும்பும் பஸ் நின்றுகொண்டிருந்தது. எதிரே எழுமலை பஸ்ஸும் நின்றது. எழுமலை பஸ்ஸில் ஏறினேன்.

பேச்சி வாசலில் நிலக்கடலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவளுக்கு ஒரு நொடி பிடிபடவில்லை.

"ஏ ஆத்தி! கிரேசா? என்ன புள்ள, ஒரு சொல்லு சொல்லாம வந்து நிக்கிற! இம்புட்டுத் தடிச்சிட்ட?"

அவள் மெலிந்திருந்தாள். உள்ளே இழுத்துப்போய் உட்காரவைத்து, வேகவைத்த கடலையை முறத்தோடு முன்னால் வைத்தாள். கணவர் தோட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில். மூத்தவள் கணக்கில் கெட்டி என்றாள்.

"மோட்டார் பக்கமெல்லாம் போறதுண்டா?" என்று கேட்டேன்.

"எரிஞ்சா என்னையத்தேன் கூப்புடுவாக. மோந்து பாத்துச் சொல்லுவேன். தூக்கிக்கிட்டுப் போறது வாரதெல்லாம் ஆம்பளையாளுக." கடலையை உடைத்து என் பக்கம் தள்ளினாள். "உன் கம்பெனி எப்பிடி? அந்த நடுவுல ஒக்காந்திருந்த சாரு இருக்காரா? தங்கமான மனுசன். எனக்காகத் தமிழ்ல எல்லாம் கேட்டாரு. எனக்குத்தேன் பயம். சோதிக்கிறாரு, சிக்கிரக் கூடாதுன்னு நோ சாரு, நோ சாருன்னேன்." சிரித்தாள். "வெளிய வந்து உங்கிட்டச் சொல்லலாம்னு பாத்தேன். நீ சங்கடப்படுவன்னு விட்டுட்டேன்."

அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வராந்தாவிலேயே தெரிந்திருந்தது.

நான் கையிலிருந்த கடலையைக் கீழே வைத்தேன். மறுபடி ஓர் இடம் காலியானதைச் சொன்னேன். சார் அவளைக் குறிப்பிட்டுக் கேட்டதை, நான் சிரித்ததை, கடிதத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை சொற்களைத் தேடவில்லை. வந்ததைச் சொன்னேன்.

அவள் முகத்தில் சிரிப்பு போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எம்புட்டு நாளு காலியா இருந்துச்சு?"

"எனக்குத் தெரிஞ்சு எட்டு நாள். ஒம்பதாம் நாள் நான் போனேன்."

"எட்டு நாளா" என்றாள்.

எழுந்து போய் வெளியே காயும் கடலையைக் கையால் துழாவிவிட்டு வந்தாள். பிறகு, "கடைசி பஸ்ஸு அஞ்சு மணிக்கு. வா, கொண்டாந்து விடுறேன்" என்றாள். ஒரு மஞ்சள் பையில் கடலை கட்டிக் கொடுத்தாள். நான் வேண்டாம் என்றதைக் காதில் வாங்கவில்லை.

பஸ் நிறுத்தம் வரை முன்னால் நடந்தாள். எதிரே வந்தவர்கள் நான் யார் என்று கேட்டதற்கு, "கூடப் படிச்ச புள்ள" என்று சொன்னாள். பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தபோது நான் அவள் கையைப் பிடித்தேன். என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன், அல்லது அதுபோல் ஏதோ.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சாலையைப் பார்த்தபடியே பேசினாள். கோபம் இல்லை. புரியாத ஒன்றைக் கேட்கிற குரல், தகரக் கொட்டகையில் கேட்ட அதே குரல்.

"நீ எதுக்குக் கிரேசு எனக்காக எழுதிக்கிட்டுக் கெடந்த? எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தா நானே வந்து சொல்லிருப்பேன்ல? இங்கனயிருந்து காலைல ஒரு பஸ்ஸு இருக்குல்ல?"

பஸ் வந்து நின்றது. நடத்துநர் ஏறச் சொல்லிக் கத்தினார். ஏறி உட்கார்ந்து, வண்டி உசிலம்பட்டி தாண்டும் வரை அந்த எட்டு நாளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். அவளுக்கு ஒரு கார்டு போடலாம் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.